சில்லறைத் தட்டுப்பாடும் பேசும் பெட்டியும்

செகந்திராபாத்தின் திருமுல்கேரி லால் பஜாரில் ஒரு தமிழ் அம்மாவிடம் முப்பது ரூபாய்க்கு மல்லிகை வாங்கினேன். கூடை ஓரத்தில் க்யூஆர் அட்டை, பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. ஸ்கேன் செய்ததும் பெட்டி தெலுங்கில் தொகையைச் சொன்னது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்தவருக்கு முழம் போட ஆரம்பித்துவிட்டார்.

2016 ஏப்ரலில் அறிமுகமான யுபிஐ இப்படிப் பரவியதற்கு, அதே ஆண்டு நவம்பரில் வந்த பணமதிப்பிழப்பைத்தான் எல்லோரும் காரணம் காட்டுவார்கள். அது பாதிக் கதை. நோட்டு திரும்பி வந்த பிறகும் யாரும் போனைக் கீழே வைக்கவில்லையே!

ஒரு தொழில்நுட்பம் பயனுள்ளது, எளிது என்று தோன்றினால் மக்கள் ஏற்பார்கள் என்றார் ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ், 1989இல். சரிதான், ஆனால் பஜாரில் வாங்குபவர் மட்டும் முடிவெடுத்தால் போதாது, விற்பவரும் இசைய வேண்டும். ‘சில்லர லேது’ (சில்லறை இல்லை) என்று மீதிக்கு சாக்லேட் நீட்டிய கடைக்காரருக்கு யுபிஐயால் தொல்லை விட்டது. 2020 ஜனவரி முதல் வணிகர் கட்டணமும் கிடையாது. ஆனாலும் இலவசம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. கென்யாவில் 2007இல் வந்த எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை கட்டணம் வாங்கிக்கொண்டே வேரூன்றியது. வங்கி எட்டாத இடங்களில் அதன் முகவர் கடை இருந்தது.

என் கணக்கில் இங்கே பெரிய வேலை செய்தது அந்தப் பெட்டிதான். பணம் போட்டதாகப் போலித் திரையைக் காட்டிவிட்டு நழுவுகிறவர்களிடமிருந்து அது காப்பாற்றியது. எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் காது உண்டு.

குறையும் அந்தக் கூடையிலேயே இருக்கிறது. “யார் கணக்கும்மா?” என்று கேட்டேன். “பையனோடதுப்பா. என்கிட்ட பட்டன் போன்தானே” என்றார். பட்டன் போனுக்கென்றே 2022 மார்ச்சில் யுபிஐ 123பே வந்தது. இந்தப் பஜாரில் அதை யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. 2025 ஆகஸ்டில் மாதப் பரிவர்த்தனை 2,000 கோடியைத் தாண்டியது. அவருடைய முப்பது ரூபாய்களும் இப்படியான மாதக் கணக்குகளில்தான் சேர்கின்றன. அவர் கைக்கு மட்டும் வருவதில்லை. முன்பு முந்தானையில் முடிந்த காசை யாரைக் கேட்டும் அவர் செலவழிக்க வேண்டியிருக்கவில்லை.

ஏற்றவர்கள் ஏற்றபடியே இருப்பார்கள் என்பதற்கும் உறுதியில்லை. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியதும், பெங்களூரில் பல கடைகளில் ‘ரொக்கம் மட்டும்’ என்று அட்டை தொங்கியது.

க்யூஆர் அட்டை கொடுக்க வரும் முகவர்கள் வீட்டில் இருக்கும் பையனிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன், கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்: பணம் யார் கணக்குக்குப் போகணும்மா?