மடவை மீனும் சுறா சேமியாவும்

சைனீஸ் சாப்பாடு என்றால் நமக்கு ஃப்ரைட் ரைஸ், கோபி மஞ்சூரியன், தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் சில்லி சாஸ். மஞ்சூரியன் பிறந்தது பம்பாயில். மஞ்சூரியாக்காரனைக் கேட்டால் முழிப்பான். இந்த ஞானத்தோடு ஹாங்காங்கில் ஒரு சியூசௌ கடலுணவு விடுதிக்குள் நுழைந்தால் முதல் பத்து நிமிஷம் ஏமாற்றம்தான். காரம் இல்லை. மசாலா வாசனை இல்லை.

சியூசௌ என்பது குவாங்டாங் மாகாணத்தின் கிழக்குக் கடலோரம். சிங்கப்பூரில் இவர்களையே தியோச்சூ என்பார்கள். நிலம் குறைச்சல், ஜனம் ஜாஸ்தி. சாண்டோ துறைமுகத்திலிருந்து கப்பலேறி சயாமுக்கும் மலேயாவுக்கும் பிழைக்கப் போன கூட்டம். இவர்கள் சமையலைப் புரிந்துகொள்ள இந்த ஏழ்மை தெரிந்திருக்க வேண்டும்.

உட்கார்ந்ததும் டீ. கட்டை விரல் அளவுக் கோப்பை. டியேகுவான்யின் என்கிற ஊலாங், கஷாயம் மாதிரி கனம். சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. என்னை அழைத்துப் போன நண்பர் இருபது வருஷமாக ஹாங்காங்வாசி. ஊற்றுகிறவருக்கு நன்றி சொல்ல மேஜையை இரண்டு விரலால் தட்டச் சொல்லிக் கொடுத்தார். தட்டினேன்.

முதலில் நண்டு. வேகவைத்து, ஆறவைத்து, சில்லென்று, உடைத்துக் கொண்டுவந்தார்கள். ஓட்டைப் பார்த்தால் நம்ம சிலுவை நண்டு! நம் ஊரில் இதை மிளகு போட்டு நசுக்கிக் குழம்பாக்கிவிடுவோம். இங்கே வினிகர் மட்டும். ஆறின நண்டில் சதை இறுகி, ஒரு தித்திப்பு வருகிறது பாருங்கள், சூட்டில் அது தெரியாது. மசாலா இல்லாததால் நண்டு பழசாக இருந்தால் உடனே மாட்டிக்கொள்ளும். சமையல்காரர் ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

அடுத்தது 'மீன் சோறு'. சோறு கிடையாது, மீன் மட்டும். அரிசி வாங்க வக்கில்லாத மீனவர்கள் பிடித்த மீனை மூங்கில் கூடையில் அடுக்கி உப்புத் தண்ணீரில் வேகவைத்து, ஆறவிட்டு, சோற்றுக்குப் பதில் தின்றார்கள். அதனால் அந்தப் பேர். எங்களுக்கு வந்தது மடவை. செதிலைக்கூட எடுக்காமல் முழுசாக. தோலை உரித்தால் செதிலோடு சட்டை மாதிரி கழன்று வருகிறது. உள்ளே வெள்ளைச் சதை, ஓரத்தில் கொழுப்பு. தொட்டுக்கொள்ளப் புளிக்கவைத்த சோயாபீன்ஸ் விழுது. அவ்வளவுதான். பஞ்சத்துச் சாப்பாடு, இப்போது பீங்கான் தட்டில், வெள்ளை மேஜை விரிப்பில். நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

இதோடு விட்டிருக்கலாம். நண்பர் விருந்தோம்பலில் ஒரு படி மேலே போய்விட்டார். "சார், இவ்ளோ தூரம் வந்துட்டு இது சாப்பிடாம போறதா?" சுறாத் துடுப்பு சூப். மெனுவின் முதல் பக்கமே அதுதான். மடவை கடைசிப் பக்கம். விலை வித்தியாசத்தைச் சொன்னால் உங்களுக்கு டயாபடீஸ் வரும்.

கிண்ணத்துக்குள் கெட்டியான பழுப்புக் குழம்பு, நடுவே கண்ணாடி சேமியா மாதிரி நார். ருசி? கோழி ருசி, பன்றித்தொடை ருசி. அதாவது மணிக்கணக்காகக் கொதித்த எலும்புச் சாற்றின் ருசி. துடுப்புக்கென்று ஒரு ருசியும் இல்லை. பல்லில் நறுக்கென்று ஒரு சத்தம், அவ்வளவே. ஹாங்காங் நடைபாதைக் கடைகளில் பாசிப்பயறு சேமியா போட்டு இதே மாதிரி ஒரு சூப்பைச் சில்லறைக் காசுக்கு விற்கிறார்கள். எனக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. நண்பருக்கும்தான், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

நம் கடற்கரையில் சுறா என்றால் புட்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று தேடி வாங்குவார்கள். சதையை நாம் தின்றோம், துடுப்பைக் காயப்போட்டுக் கப்பலேற்றினோம். உலகத்தில் அதிகம் சுறா பிடிக்கும் நாடுகளில் நாமும் உண்டு. 2013-ல் துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடம்பைக் கடலில் எறியக்கூடாது என்றும், 2015-ல் துடுப்பு ஏற்றுமதியே கூடாது என்றும் இந்திய அரசு சொன்னது. ஹாங்காங் அரசும் 2013-லேயே தன் விருந்துகளிலிருந்து இதை எடுத்துவிட்டது. ஹோட்டல் மெனுவில் மட்டும் இன்னும் முதல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, கல்யாண வீட்டில் யாருக்கும் பிடிக்காத பணக்கார மாமா மாதிரி.

எனக்கு இந்த விடுதி மேல் கோபம் இதில்தான். மடவையை இப்படி வேகவைக்கத் தெரிந்தவர்களுக்குத் துடுப்பு எதற்கு? தங்கள் தாத்தா தின்றதை விற்பதில் வெட்கம். எவனோ ராஜா தின்றதை விற்பதில் பெருமை. நான் மட்டும் யோக்கியனா என்றால் அதுவும் இல்லை. நண்பர் முகம் வாடுமே என்று நாலு ஸ்பூன் சாப்பிட்டேன். ஐந்தாவதில் நகர்த்தி வைத்தேன். அவர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியில் சேனை மாதிரி ஒரு கிழங்கை மசித்து, பன்றிக் கொழுப்பும் சர்க்கரையும் சேர்த்து, சூடான இனிப்பு. வழவழவென்று அல்வா ஜாதி. இரண்டு வாய்க்கு மேல் ஆகாது. மறுபடி அந்தக் கஷாயம்.

பில் வந்தபோது பரிமாறிய பெரியவர் எது பிடித்தது என்று நண்பர் மூலம் கேட்டார். மடவை என்றேன். அவர் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார்?"

"அது வீட்ல திங்கிறதாச்சே, அதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்கன்னு கேக்கறார் சார்."