ரகம் நமக்கு, முடிவு அவர்களுக்கு

இனி வாடிக்கையாளரே வடிவமைப்பாளர் என்ற பேச்சு விற்பனை உலகில் மந்திரமாகிவிட்டது. ஆலையின் மலிவும் தனிமனிதர் விருப்பமும் ஒரே பொருளில் கூடும் என்று ஜோசப் பைன் 1993-இல் ஒரு நூலே எழுதினார். எல்லோருக்கும் ஒரே பொருள் என்ற காலம் மலையேறிவிட்டது, அதிகாரம் வாங்குபவர் கைக்கு வந்துவிட்டது என்கிறார்கள் ஆதரவாளர்கள். முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை என்னால் ஒருநாளும் ஏற்க முடிந்ததில்லை. ஏன் என்று தேயிலையை வைத்தே சொல்கிறேன்.

கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்த வாரிய மண்ணில் எழுந்த வில்லிங்டன் தீவு தேயிலை வணிகத்துக்குப் பேர்போன இடம். 1947 முதல் நடக்கும் கொச்சி ஏலத்தில் டஸ்ட் எனப்படும் பொடித் தேயிலைதான் பெரும்பங்கு. ஏலத்துக்கு வரும் மாதிரிகளை டீ டேஸ்டர் கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்வார். நிறம், திடம், மணம் எல்லாம் அந்த நொடியில் எடைபோடப்படும். டாடா நிறுவனம் தமிழ்நாட்டுக்குச் சக்ரா கோல்ட், கேரளத்துக்குக் கண்ணன் தேவன், ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் ஜெமினி என்று பிரித்து விற்பதும் இத்தகைய நாக்குகளை நம்பித்தான்.

இப்படிப் பிரித்து விற்பதன் நன்மையை மறுக்கவில்லை. ஊருக்கு ஊர் தண்ணீர் வேறு, பால் சேர்க்கும் அளவு வேறு. நாடு முழுவதற்கும் ஒரே தூளைத் திணிப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆர்டர் வந்தபின் செய்யும் பொருள்கள் கிடங்கில் தேங்குவதும் குறைவு.

ஆனால் 'உங்களுக்காகவே' என்று வரும் பொருளிடம் திருப்பிப் பேச முடியாது. என் ஆட்சேபம் முழுவதும் இதுதான். டீக்கடையில் "ஸ்ட்ராங்கா, சர்க்கரை கம்மியா" என்கிறோம். ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் டிகாஷன் விடுங்க மாஸ்டர்" என்றால் கை நீண்டு வந்து ஊற்றுகிறது. மறுநாள் சொல்லாமலே சரியாக வருகிறது. பாக்கெட்டில் 'தமிழ்நாட்டுச் சுவை' என்று வருவது கோடிக்கணக்கான நாக்குகளின் சராசரி. அதில் மதுரைக்காரர் யார், நாகர்கோவில்காரர் யார்?

ஆளுக்கொரு பொருள் என்று இறங்கினாலும் நிலை மாறுவதில்லை. ராயல் என்ஃபீல்டு 2020-இல் மீட்டியோர் 350 பைக்குடன் கொண்டுவந்த செயலிவழித் திட்டத்தில் வண்ணமும் இருக்கையும் நம் விருப்பம். வண்டியின் எடையோ எஞ்சினோ நம் பேச்சுக்கு வராது. பட்டியல் போட்டவர் முன்பே முடிவெடுத்துவிட்டார். நாம் டிக் அடிக்கிறோம்.

பொறுப்பு மட்டும் நம் தலையில் விழுகிறது. இணையத்தில் வாங்கியதை 14 நாளில் திருப்பித்தரும் உரிமையை 2011-இன் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் அளித்தது. வாங்குபவர் சொன்னபடி செய்த பொருளுக்கு அதே சட்டம் விலக்கும் அளித்தது. மறுபடி விற்க முடியாதே என்பது நியாயமான காரணம்தான். ஆனாலும் வடிவமைக்கும் அதிகாரம் கிடைக்காதவர், வடிவமைத்தவருக்குரிய நட்டத்தை ஏன் சுமக்க வேண்டும்?

கொச்சி ஏலத்தில் வாங்குபவருக்குத் தோட்டத்தின் பெயரும் ரகமும் தெரியும். மாதிரியைக் குடித்துப் பார்த்துத்தான் விலை சொல்கிறார். அதே தூள் கலவையாகிக் கடைக்கு வரும்போது பெரும்பாலான பாக்கெட்டுகளில் தோட்டத்தின் பெயர்கூட இருப்பதில்லை. வாடிக்கையாளர்தான் வடிவமைப்பாளர் என்று சொல்பவர்கள், ஏலதாரருக்குக் கொடுப்பதை முதலில் அவருக்கும் கொடுக்கட்டும்: உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரம், பிடிக்கவில்லை என்றால் அடுத்த கலவையை மாற்றவைக்கும் வழி. இரண்டும் வரும்வரை, அதிகாரம் கைமாறிவிட்டது என்ற பேச்சு பொய்.