முட்டை ஓட்டில் ஒரு எண்

ஐரோப்பிய ஒன்றியத்துக் கடைகளில் விற்கிற முட்டையின் ஓட்டில் ஒரு குறியீடு அச்சிட்டிருக்கும். அதில் முதல் எண்தான் விஷயம். 0 என்றால் இயற்கை வேளாண்மைப் பண்ணை, 1 வெளியே மேய விட்ட கோழி, 2 கூண்டில்லாத கொட்டகை, 3 கூண்டு. 2004 முதல் இது கட்டாயம்.

பண்ணை விலங்குகளின் நலன் பற்றிய லேபிள்களில் இதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். கோழி எங்கே வளர்ந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. பாராட்டுப் பத்திரம் எல்லாம் வாசிப்பதில்லை. கட்டாயம் என்பதால் கூண்டுப் பண்ணைக்காரரும் '3' என்று தன் கையாலேயே அச்சடித்தாக வேண்டும். விருப்பப்பட்டால் ஒட்டலாம் என்கிற முத்திரையில் இது நடக்குமா? நன்றாக வளர்த்தவர் சொல்வார், மற்றவர் அட்டையில் பச்சை வயல் படத்தைப் போட்டுட்டு சும்மா இருப்பார்.

இங்கிலாந்தில் கோழிக்கறியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இப்படி ஒரு கட்டாய எண் கிடையாது, முத்திரைகள்தான். ஒரு சதுர மீட்டரில் அதிகபட்சம் 39 கிலோ கோழி என்கிறது சட்டம். பரவலாகத் தெரிந்த 'ரெட் டிராக்டர்' முத்திரையின் சாதாரணத் தரம் பல ஆண்டுகளாக 38 கிலோ. ஒரு கிலோதான் வித்தியாசம்! ஆர்.எஸ்.பி.சி.ஏ. தரத்தில் அது 30 கிலோ, கூடவே மெதுவாக வளரும் இனமாகவும் இருக்க வேண்டும். இரண்டும் 'உறுதியளிக்கப்பட்டது' என்றே விற்பனையாகின்றன. வாங்குகிறவருக்கு இந்த இடைவெளி எப்படித் தெரியும்?

முட்டை எண்ணிலும் ஓட்டை உண்டு. கேக், மயோனைஸ், நூடுல்ஸ் என்று உள்ளே போன முட்டைக்கு எந்த எண்ணும் கட்டாயமில்லை.

இன்னொரு சிக்கல் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. '1' என்பது இடத்தின் அளவு: வெளியே கோழிக்கு 4 சதுர மீட்டர், போய்வர வாசல். அந்தக் கோழி எப்படி இருக்கிறது என்பதற்கு அதில் பதில் இல்லை. வாசல் திறந்திருந்தும் வெளியே வராத கோழிகள் உண்டு. ஒன்றையொன்று கொத்தி இறகு உதிர்வதும், பல அடுக்குக் கொட்டகையில் இறங்கும்போது மோதி மார்பெலும்பு முறிவதும் கூண்டில்லாத பண்ணைகளிலும் நடப்பவைதான்.

பிரிஸ்டல் பல்கலைக்கழகம், ஆர்.எஸ்.பி.சி.ஏ., சாயில் அசோசியேஷன் மூன்றும் சேர்ந்து 2010-இல் தொடங்கிய 'அஷ்யூர்வெல்' திட்டம் கை வைத்தது இங்கேதான். ஆய்வாளர் வாசலை அளந்துட்டுக் கிளம்பாமல் கோழியையே பார்க்க வேண்டும். இறகு எவ்வளவு உதிர்ந்திருக்கிறது என்று மதிப்பெண் போட வேண்டும். அந்த மதிப்பெண் ஓட்டில் வராது, வரவும் வேண்டாம் என்பேன். கடையில் நிற்பவர் அதை வைத்து என்ன செய்வார்? பண்ணைக்காரர் அதை மற்றப் பண்ணைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், கொட்டகையில் எதை மாற்றுவது என்று யோசிக்கலாம்.