திருமந்திரத்துப் பிராணாயாமமும் குருவருளும்

ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2014 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், ஜூன் 21 ஆம் நாளை யோக தினமாக அறிவித்தது. அதன்பின் மூச்சுப் பயிற்சி, மனவமைதிக்கும் உடல்நலத்துக்கும் உரிய எளிய சாதனமாகப் பல நாடுகளினும் பயிற்றப்பட்டு வருகின்றது. அதற்குத் தமிழ்ச் சான்று காட்டுவார், திருமூலநாயனார் அருளிய திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்துப் பிராணாயாமப் பகுதியை எடுத்தாள்கின்றனர். அங்ஙனம் எடுத்தாளும் முறை நூற்கருத்துக்கு இயைந்ததோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

வளியை உள்வாங்கி வயப்படுத்தின் உடம்பு பளிங்கு போலத் தெளிந்து, மூத்தவழியும் இளமை குன்றாதிருக்கும் என்பது அப்பகுதிச் செய்யுளொன்றன் முன்னிரண்டடிப் பொருள். நலம் ஒன்றையே கருதுவார் இவ்விரண்டடியளவில் நின்றுவிடுகின்றனர். மூன்றாமடியோ, தெளிவுண்டாகக் குருவின் திருவருளைப் பெறுதல் வேண்டும் என்கின்றது. இஃது ஓரிடத்து மட்டும் வந்த கருத்தன்று. உயிர்ப்பினை இரண்டு குதிரைகளாக உருவகித்த செய்யுளினும், அவற்றைப் பிடிக்கும் உபாயம் அறிவாரிலர், குருவருள் பெறின் அவை வசப்படும் என்றே நாயனார் அருளினார். இருகாற் கூறிய நிபந்தனையை நீக்கிப் பயனை மட்டும் கொள்ளுதல் உரைநெறியாகாது.

அற்றேல், குருவின்றிப் பயில்வார்க்கும் அமைதி உண்டாதல் கண்கூடன்றோ எனின், அஃதொக்கும். மூச்சை மெல்ல நெடிதாக விடுங்கால் நாடித்துடிப்புத் தணியும் என்பது இக்கால மருத்துவர்க்கும் உடன்பாடே. நாயனாரும் அப்பயனை மறுத்தாரல்லர். அக்குதிரையை மேற்கொண்டார்க்குக் கள்ளுண்ணாமலே களிப்பு உண்டாம் என்றார். உடம்பை முன்னர் இழுக்கென்று எண்ணியிருந்து, பின்னர் அதனுள் இறைவன் கோயில்கொண்டமை கண்டு அதனை ஓம்பியதாகவும் அத்தந்திரத்தே கூறினார். ஆகலின், உடல்நலங் கருதிப் பயில்வாரை இகழும் சைவரும் நூற்கருத்தினின்று வழுவியவரேயாவர்.

பின்னர்க் குரு எற்றுக்கெனின், நாயனார் கூறிய அளவே விடையாகும். பூரகம் 16 மாத்திரை, கும்பகம் 64, இரேசகம் 32. ஆக ஒரு மூச்சுக்கு 112 மாத்திரை. ஒரு மாத்திரையைக் கடிகாரத்து நொடியளவாகக் கொள்ளின், கும்பகம் மட்டுமே 1 நிமிடத்துக்கு மேற்படும். இதனை நூலை மட்டும் நோக்கித் தாமே முயல்வார்க்குத் துன்பமே விளையும். சிங்கம், யானை, புலி ஆகியவற்றைப் பழக்குமாறுபோலப் பையப்பைய வளியைப் பழக்குக. அன்றேல் அது பயில்வானையே கெடுக்கும் என ஹடயோகப் பிரதீபிகையும் எச்சரித்தது.

இனிச் சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நாற்படி வகுத்து, யோகத்தை மூன்றாம் படியில் நிறுத்தியது. அதன் பயன் சாரூபம். முடிந்த பயனாகிய சாயுச்சியம் ஞானத்தாலன்றிக் கூடாது. மூன்றாம் படியே வீடாகாதெனின், அதன் தொடக்கத்தே தோன்றும் மனவமைதியை முடிவெனக் கொள்ளுதல் யாங்ஙனம் பொருந்தும்? அமைதி பெற்றார் அதனை இழக்க வேண்டுவதில்லை. அவ்வமைதியோடு குருவை நாடுதலே அவர்க்குரிய கடன். திருமந்திரத்தை எடுத்தாள்வார் இரண்டடியோடு நில்லாது, நான்கடியும் ஓதிப் பொருளுணர்ந்து எடுத்தாள்வாராக.