ஆளுதலும் காத்தலும்: தமிழ் விவிலியத்தில் நிலம் பற்றிய வினைகள்

இன்றைய சூழலியல் நெருக்கடிக்கு மேலைக் கிறித்தவத்தின் இயற்கை நோக்கே பெரிதும் பொறுப்பு என்று வரலாற்றறிஞர் லின் ஒயிட் 1967-இல் எழுதினார். அதன்பின் ஆதியாகமத்தின் முதலிரு இயல்களில் வரும் வினைச்சொற்கள் இறையியலாரின் விவாதப் பொருளாயின. தமிழ்ப் பெயர்ப்பு அவ்வினைகளுக்கு எப்பொருளை ஏற்றியது என்பது மொழியியலார் நோக்க வேண்டிய வினாவாகும்.

ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் வெளிவந்த பெயர்ப்பின் வழக்கே இன்றும் சீர்திருத்தத் திருச்சபைகளில் பரவலாக ஓதப்படுகிறது. முதல் இயலில் 'ராதாஹ்' என்னும் எபிரேய வினை, 26-ஆம் வசனத்தில் 'ஆளக்கடவர்கள்' என்றும் 28-இல் 'ஆண்டுகொள்ளுங்கள்' என்றும் பெயர்க்கப்பட்டுள்ளது. மூலத்தில் வினை ஒன்றே. தமிழில் துணைவினை வேறு. 'கடவர்' என்பது கடன், கடமை ஆகியவற்றோடு உறவுடையது. செயலின் பயன் செய்வோனையே சேர்தல், 'கொள்' என்னும் துணைவினையின் முதன்மைப் பொருள்களுள் ஒன்று. எபிரேய ஏவலில் இதற்கு நிகரான உறுப்பு இல்லை. எனவே 26-இல் பொறுப்பாக ஒலிக்கும் ஆட்சி, 28-இல் உரிமையாக ஒலிக்கிறது. இதைப் பெயர்ப்பாளரின் உள்நோக்கமாகக் கருதுதல் பொருந்தாது. படர்க்கை வியங்கோளும் முன்னிலை ஏவலும் வெவ்வேறு வடிவங்களை வேண்டுவன. எனினும் 'ஆளுங்கள்' என்று நிறுத்துவதற்குத் தமிழ் இலக்கணம் தடையன்று.

இரண்டாம் இயலின் 15-ஆம் வசனத்தில் தோட்டத்தைப் 'பண்படுத்தவும்' 'காக்கவும்' மனிதன் வைக்கப்படுகிறான். இவற்றுள் 'காக்க' என்பது சிறந்த தேர்வு. அதன் மூலமாகிய 'ஷாமர்' என்னும் வேரே காயீனின் மறுமொழியிலும் வருகிறது. அங்குத் தமிழ்ச் சொல் 'காவலாளி'. வேரொற்றுமை தமிழிலும் நிலைபெற்றமையால், நிலத்தைக் காத்தலும் உடன்பிறந்தானைக் காத்தலும் ஓரினக் கடமைகள் என உணர வழியுண்டு. அன்றியும் தமிழில் 'கா' என்பது சோலைக்கும் பெயர். 'காவலன்' என்பது அரசனுக்குப் பெயர். ஆளுதலைக் காத்தலாகக் காணும் மரபு தமிழுக்குப் புதிதன்று.

'பண்படுத்த' என்பதோ பாதிப் பொருளையே தருகிறது. 'ஆவத்' என்னும் எபிரேய வினை உழைத்தலையும் ஊழியம் செய்தலையும் ஒருங்கே குறிக்கும். அடிமையைச் சுட்டும் சொல்லும் அவ்வேரினது. நிலம் செயப்படுபொருளாகுங்கால் உழுதற்பொருளே நேரிது என மறுக்கலாம். அம்மறுப்பு ஏற்கத்தக்கதே. ஆயினும் வேலை, தொண்டு, வணக்கம் ஆகிய பொருள்களைத் தாங்கும் 'பணி' என்னும் சொல் தமிழில் இருக்க, ஊழியக் குறிப்பு முற்றும் இழக்கப்பட்டது எண்ணத்தக்கது.

பொறுப்புடன் பேணுதல் என்னும் கருத்துக்குச் சீர்திருத்தத் திருச்சபைகளில் 'உக்கிராணத்துவம்' என்ற சொல் வழங்குகிறது. உக்கிராணம் என்பது பண்டகசாலை. நிலத்தைப் பற்றி ஆளும்போது இச்சொல் மண்ணைச் சரக்காகவும் மனிதனைக் கணக்கனாகவும் காட்டிவிடும். உக்கிராணக்காரன் என்பதற்கு 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் 'வீட்டுப் பொறுப்பாளர்' என்கிறது. பூமியைப் பொது இல்லமாகக் கண்டு, இரண்டாம் இயலின் இவ்விரு வினைகளையும் முன்னிறுத்தித் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் விடுத்த 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலின் நோக்குக்கு இச்சொல்லே அணுக்கமானது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. புனேயின் கட்கியில் தமிழும் மராத்தியும் ஆங்கிலமும் அருகருகே வழங்குகின்றன. அதனை ஒட்டி மூலா ஆறு மாசுற்று ஓடுகிறது. அங்குத் தமிழில் மறைநூல் கேட்போர்க்கு அவ்வாறு ஆண்டுகொள்ளும் பொருளா, காக்கும் பொருளா என்பதைத் தெளிவிப்பதில் வினைச்சொல்லுக்கும் பங்குண்டு. அம்மாவட்டத்துக் கேட்காவில் பண்டித ரமாபாய் எபிரேய, கிரேக்க மூலங்களினின்று எளிய மராத்தியில் விவிலியத்தைப் பெயர்த்தார்; 1922-இல் அவர் மறைந்தபின், 1924-இல் அது வெளிவந்தது. மூலத்துக்கு மீண்டு மக்கள் மொழியைத் தேடிய அம்முறை தமிழ்த் திருத்தக் குழுக்களுக்கும் ஏற்றது. அவை பெயர்ச்சொற்களைப் புதுப்பிப்பதோடு அமையாது, துணைவினைகளையும் மூலத்தோடு ஒப்பிட்டு ஆராய்தல் வேண்டும்.