மேளக் கூட்டமும் தனி வித்துவானும்: யாழ்ப்பாணத்து நாதஸ்வர மரபு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

ஈழத்துத் தமிழர் கலைகள் பற்றிக் கடந்த அறுபது ஆண்டுகளில் எழுதப்பட்டவற்றை நோக்குமிடத்து, கூத்துக்குக் கிடைத்த கவனிப்பு மேளத்துக்குக் கிடைக்கவில்லை என்பது எளிதிற் புலப்படும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையில் மேற்கொண்ட முயற்சிகளின் பின்னர் கூத்து பல்கலைக்கழக ஆய்வுக்குரிய பொருளாயிற்று. அதை ஆடியவன் யார், அவனது தொழில் என்ன, சாதி என்ன என்னும் வினாக்களும் உடன் எழுந்தன. மேளமோ கோயிலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. நிலமானியச் சமூகத்தின் ஆடம்பரச் சின்னம் என முற்போக்காளர் அதனைக் கடந்து சென்றனர். சாஸ்திரீய சங்கீதத்தின் ஒரு கிளை எனச் சங்கீத ரசிகர் அதனை வகைப்படுத்தி வைத்தனர். இவ்விரு சாராரும் மேளம் பற்றிப் பேச நேர்ந்தபோதெல்லாம் தனியொரு வித்துவானின் மேதைமை பற்றியே பேசினர் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

ஆயின் யாழ்ப்பாணத்துப் பொதுமக்கள் வழக்கு வேறாக இருந்தது. கோயிற் திருவிழாவுக்கு எத்தனை 'கூட்டம்' மேளம் பிடித்திருக்கிறார்கள் என்றே அவர்கள் கேட்டனர். கூட்டம் என்பது ஓர் அலகு. இரு நாதஸ்வரம், இரு தவில், ஓர் ஒத்து, ஒரு கைத்தாளம் என்பது அதன் வழமையான அமைப்பு. பெரும்பாலும் தந்தை, மைந்தர், மருமக்கள், மைத்துனர் என உறவினரால் ஆன இவ்வலகு, ஒரே வேளையில் குடும்பமாகவும் தொழிற்கூடமாகவும் பள்ளிக்கூடமாகவும் இயங்கியது. ஒரு கூட்டம் இரண்டு மூன்று தலைமுறைக்கு நின்று நிலைத்தமைக்கு இதுவே காரணம். சாதிக்குள்ளேயே அமைந்த மணவுறவும், கோயிலோடு இருந்த பரம்பரைத் தொழில் உரிமையும் இதனைத் தாங்கி நின்றன. அவ்வுரிமை சுரண்டலின் மறுபக்கமாகவும் இருந்தது என்பதை மறந்துவிட்டு மரபின் பெருமை பேசுவது ஆய்வாகாது.

பழந்தமிழ் இலக்கியம் இவ்விடயத்தில் எம்மவரினும் தெளிவான பார்வை கொண்டிருந்தது எனலாம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை மாதவியின் ஆடலைக் கூறப் புகுமுன், ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவரது தகைமையையும் தனித்தனியே விரித்துரைக்கின்றது. சிறுபாணாற்றுப்படையிலோ, ஈன்ற நாய் கிடக்கும் அடுக்களையில் உப்பில்லாக் கீரையை அவித்து, பிறர் காணாதவாறு கதவடைத்து உண்ணும் பாணர் சுற்றம் காட்டப்படுகின்றது. வறுமை அங்கே சுற்றத்தின் வறுமையாகவே பேசப்படுகின்றது. வீரயுகப் பாடல்கள் பற்றிய க. கைலாசபதியின் ஆய்வு 1968இல் நூலாக வெளிவந்த பின் பாணர் பற்றி எம்மிடையே பேசாதார் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பாணனது பசியை அறிந்த அளவுக்கு, அயலூர்க் கோயில் வீதியில் விடியும்வரை ஒத்தூதிய மனிதனது கூலியை நாம் அறிந்திலோம்.

ஒத்து என்னும் கருவியைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். நாதஸ்வரம் போன்ற தோற்றமுடையது. விரல் வைத்து வாசிக்கும் துளைகள் அதற்கில்லை. கீழேயுள்ள சில துளைகளை மெழுகினால் அடைத்தோ திறந்தோ சுருதியைச் சேர்த்துக்கொள்வர். ஒரே சுரத்தை இடையறாது ஊதுவதே ஒத்துக்காரனின் பணி. கன்னத்திற் காற்றை அடக்கி, மூக்கினால் மூச்சை உள்ளிழுத்தவாறே வாயினால் வெளிவிடவேண்டும். இதில் கற்பனைக்கு இடமில்லை, கைதட்டல் இல்லை. பேசிய தொகையிற் கிடைப்பதும் மிகச் சிறிய பங்கே. எனினும் இப்பணியிலேதான் சிறுவன் ஒருவன் மேளக்காரனாக உருவானான். முதலிற் தாளம் போட்டான், பின் ஒத்தூதினான், ஆண்டுக்கணக்கில் பெரியவர்களின் பக்கத்தில் நின்று இராக ஆலாபனையைக் காதாற் கேட்டான், சுருதி அவனது உடம்பில் ஊறிய பின்னரே நாதஸ்வரம் அவன் கைக்கு வந்தது. பாடத்திட்டமும் பரீட்சையும் இல்லாத ஒரு கல்விமுறையின் முதலிரு வகுப்புகள் இவை. பின்னர் சுருதிப் பெட்டி வந்தது. அதன்பின் மின்சுருதிப் பெட்டி வந்தது. ஓர் ஆளின் கூலி மிச்சமாயிற்று. அக்கூலியோடு ஒரு வகுப்பும் மூடப்பட்டது என்பதை இசை வரலாறு எழுதுவோர் கண்டுகொள்ளவில்லை. கருவி வளர்ச்சி உழைப்பின் பளுவைக் குறைத்தது எனப் பொதுப்பட மகிழ்வோருக்கு இது ஒரு சிக்கலான உதாரணம். இங்கே இயந்திரம் அகற்றியது பளுவை மட்டுமன்று, பயிலுனனின் இடத்தையும் ஆகும்.

யாழ்ப்பாணத்து மேளத்தின் தனித்தன்மையாகத் தவில் வாசிப்பின் ஓங்கலைக் குறிப்பிடுவது வழக்கம். இதனை மண்ணின் மகிமை என்று கூறி அமைதல் விளக்கமாகாது. இங்கு திருவிழாக்கள் உபயமுறையில் நடைபெறுவன. ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தினரது அல்லது குறிச்சியினரது பொறுப்பு. புகையிலைச் செய்கையிலும் அரசாங்க உத்தியோகத்திலும் மலாயாப் பென்சனிலும் வந்த பணம், உபயகாரரிடையே போட்டியாக வீதியில் இறங்கியது. நேற்றைய உபயத்துக்கு நான்கு கூட்டம் என்றால் இன்று எட்டு. இக்கூட்டங்கள் எதிரெதிரே அமர்ந்து நடத்திய மேளச்சமாவில், திறந்த வெளியில் பல்லாயிரவர் நடுவே, நள்ளிரவு கடந்தும் சனத்தைக் கலையாது நிறுத்தவல்லது தவிலே. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) தமிழகத்து நாதஸ்வர வித்துவான்களும் விரும்பியழைத்த தவில் மேதையாக வளர்ந்தமைக்குப் பின்னால் இத்தகைய ஒரு களம் இருந்தது. அவரது மேதைமையை இக்கூற்று சற்றேனும் குறைப்பதாகாது. களம் இல்லாதவிடத்து அத்தகைய கைகள் என்னவாகியிருக்கும் என்பதே எமது வினா.

சாதிப் பிரச்சினை இங்கு மேலும் நுணுக்கமானது. மேளம் என்ற ஒரே சொல் தவிலையும் பறையையும் குறிக்கும். ஒன்று கோயிலின் உள்வீதியில் மங்கலமாக ஒலித்தது. மற்றது பெரும்பாலும் மரண வீட்டில் அடிமைச் சேவகமாகக் கொள்ளப்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்கள் பறையடிக்க மறுத்தமையும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் முன் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடத்தியமையும் எமது சமூக வரலாற்றின் முக்கிய கட்டங்களாகும். மேளக்காரரோ உள்ளே நின்றவர். உள்ளே நின்றும் சமமாக நின்றவரல்லர். சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிப்பவர் இல்லாமல் திருவிழா இல்லை. அவர் தோளில் சால்வை கிடக்கலாமா, அரையிற் கட்டவேண்டுமா என்பதை உபயகாரர் தீர்மானித்தார். தமிழகத்தில் திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை இத்தகைய கட்டுப்பாடுகளை மீறி நடந்தமை இன்று சுவையான கதைகளாகச் சொல்லப்படுகின்றது. அவர் பெற்ற மதிப்பு அவரோடு வந்த தாளக்காரருக்கும் கிடைத்ததா என எவரும் கேட்பதில்லை.

மேளக் கூட்டத்தைப் பெரும் வாசகர் கூட்டத்துக்கு அறிமுகப்படுத்திய படைப்பு, கலைமணி என்ற புனைபெயரில் கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தில்லானா மோகனாம்பாள் தொடர்கதையே. 1968இல் ஏ.பி. நாகராஜன் அதனைத் திரைப்படமாக்கினார். பெரியமேளமும் சின்னமேளமும் ஊர் ஊராய்ச் செல்லும் வாழ்க்கையை அக்கறையோடு காட்டியமை அதன் சிறப்பு. கலைஞருக்கும் தனவந்தருக்கும் இடையே நடமாடும் சவடால் வைத்தி என்ற தரகன், அப்படைப்பின் மிக யதார்த்தமான பாத்திரம் என்பது எமது கருத்து. கலை விலைப்பண்டமாகும் இடத்தை அவனே சுட்டிக்காட்டுகின்றான். ஆனால் கதையின் விசை முழுவதும் சண்முகசுந்தரத்தின் தன்மானத்திலும் காதலிலும் தங்கியுள்ளது. தவில்காரர் முத்துராக்கு பெரிதும் விசுவாசத்துக்கும் நகைச்சுவைக்கும் உரியவராகின்றார். கூட்டத்தின் கூலி எவ்வாறு பங்கிடப்படுகின்றது என்பது கதையை நகர்த்தும் பிரச்சினையாக எங்கும் எழவில்லை. தலைவன் கோபித்துக்கொண்டு வாசிப்பை நிறுத்தும்போது நாம் அவனது மானத்தைக் கண்டு பூரிக்கிறோம். அன்று ஏனையோர் வீட்டில் உலை ஏறியதா என்ற வினா பார்வையாளர் மனத்தில் எழாதவாறு கதை பின்னப்பட்டுள்ளது. திரையிற் தோன்றியவர் சிவாஜி கணேசன். அந்நாதஸ்வரத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். இதுவும் சினிமாவின் உற்பத்தி முறை பற்றி எமக்குச் சிலவற்றை உணர்த்தும்.

1990இன் பின் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று; 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்தது. கூட்டங்கள் சிதறின. ஒரே குடும்பத்தின் தவில் ஒரு நாட்டிலும் நாதஸ்வரம் மற்றொரு நாட்டிலும் சென்று சேர்ந்தன. 2009இல் யுத்தம் முடிந்த பின், புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்தில் கோயில்கள் மீள எழுந்தன. மேளத்துக்கான கேள்வியும் கூடியது. மலாயாப் பென்சன் நின்ற இடத்தில் இன்று கனடாவும் சுவிற்சர்லாந்தும் நிற்கின்றன. ஆயினும் கூடி வாழ்ந்த குடும்பமாகிய கூட்டம் மெல்ல மெல்ல அருகி, அந்தந்த நிகழ்ச்சிக்கெனத் தொலைபேசியிற் சேர்க்கப்படும் தனிக் கலைஞர்களின் சேர்க்கையாக அது மாறி வருகின்றது. கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டுக் கேட்டுத் துண்டு அனுப்புகிறார்கள் என்று அங்கலாய்ப்போர் உளர். அத்துண்டுகள் எம்மைக் கவலைகொள்ளச் செய்யவில்லை. கேட்டதை வாசித்துக் கொடுப்பது மேளக்காரருக்குப் புதிய பழக்கமன்று.

மகோற்சவ விஞ்ஞாபனங்களைப் புரட்டினால் நாதஸ்வரம், தவில் என்ற தலைப்புகளின் கீழ்ப் பட்டங்களோடு சில பெயர்கள் காணப்படும். ஏனையோர் 'குழுவினர்' என்ற ஒரு சொல்லுள் அடங்குவர். மேள மரபு பற்றி ஆராய முற்படும் எமது மாணவர்கள் வித்துவான்களின் வீடுகளோடு நின்றுவிடாது, ஒத்தூதியோரும் தாளமிட்டோரும் வாழும் வீடுகளுக்கும் செல்லுதல் வேண்டும். அச்சவாரக் கணக்கு எழுதிய கொப்பிகள் 1995இன் பின்னரும் எஞ்சியிருக்குமாயின், இரவொன்றுக்கு யாருக்கு எவ்வளவு என்பதை அவற்றிலிருந்தே அறியலாம். இன்று எழுபது வயதைத் தாண்டியவர்களே ஒத்தைக் கையில் ஏந்தி ஊதிய கடைசித் தலைமுறையினர்.