கொக்கி ஊசியில் விளைந்த வடிவியல்

பந்தின் வளைவை யாரும் விளக்க வேண்டியதில்லை. குதிரைச் சேணம்போல எதிரெதிர்த் திசைகளில் வளையும் எதிர்ம வளைவுதான் மாணவர்களைத் திணறடிக்கும். 1997இல் கார்னெல் பல்கலைக்கழகக் கணித ஆசிரியை டைனா தைமினா அதைக் கொக்கி ஊசியால் நூலில் பின்னிவிட்டார். முந்தைய காகித மாதிரிகள் எளிதில் கிழிபவை, இதைக் கசக்கலாம்.

செய்முறை அபாரமான எளிமை: குறிப்பிட்ட சில கண்ணிகளுக்கு ஒன்று என எல்லா வரிசையிலும் ஒரே விகிதத்தில் கூட்ட வேண்டும். விளிம்பு வேகமாக நீள்வதால் இடம் போதாமல், கோழிக்கொண்டைப் பூவைப்போல மடிந்து நெளிகிறது. மேசையில் எப்படி அழுத்தினாலும் தட்டையாகாது. அந்தப் பிடிவாதமே வளைவு!

மடித்தால் விழும் தடமே இங்கே நேர்கோடு. மூன்று தடங்களால் முக்கோணம் அமைத்தால் கோணங்களின் கூடுதல் 180 பாகைக்குக் குறைவு. முக்கோணம் பெரிதாகப் பெரிதாக இன்னும் குறையும். கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி வைத்து, கோட்டைத் தொடாமல் அதன் வழியே எத்தனையோ நேர்கோடுகளை வண்ண நூலில் தைக்கலாம். யூக்ளிட் ஒன்றைத்தான் அனுமதித்தார்.